சுவருக்கு முன்னால் இருந்த வீடுகள்

எண்பதுகளில் குழந்தைகளாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. பேருந்தில் இளம் பிள்ளைகள் எழுந்து இடம் தருகிறார்கள். நான் உட்காருவதில்லை. இந்தக் கதையை என் மகளிடம் ஒருமுறை தொடங்கினேன். "அம்மா, ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாமே" என்றாள். அதோடு நிறுத்திவிட்டேன். ஒரு குரலைக் கேட்பதற்காக ஒரு கிழமை முழுவதும் காத்திருந்த ஆட்கள் நீங்கள். உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு சுண்ணாம்புச் சட்டி தூக்கப் போனவர், பிறகு மேசன் ஆனார். சித்தப்பாவும் சித்தியும் அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சுவிஸில், பேர்ண் நகரத்தின் மேற்கே, பூம்ப்ளிஸில், அடுக்குமாடி ஒன்றில் எங்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. டொக்டரிடம் போனாலும் கடைக்குப் போனாலும், நிலவறையில் துணி துவைக்கும் நாளைப் பற்றி மேல்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாலும், பதினொரு வயதில் அந்த வீட்டின் வாய் நான்தான். அந்தப் பெருமை இன்றுவரை என்னிடம் இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அம்மா எங்களோடு இல்லை. அப்பா முதலில் வந்தார். நான் அடுத்த வருடம் சித்தியோடு வந்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில், கொட்டடியில், எங்கள் வீட்டில் நின்றுவிட்டாள். அப்பா வெளிக்கிட்டபோது அவள் வயிற்றில் தம்பி இருந்தான். அவன் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டான். அப்பா அவனை அதுவரை கண்டதில்லை. விசா வந்ததும் இருவரும் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒல்லாந்தர் கட்டிய, ஐந்து மூலையுள்ள கோட்டை. அந்த வருடங்களில் அரசாங்க ஆமி அதற்குள் இருந்தது. பெடியள், அதாவது இயக்கத்துப் பிள்ளைகள், வெளியே சுற்றி நின்றார்கள். உள்ளே இருந்தவர்களால் வாசலைத் தாண்ட முடியவில்லை. சாப்பாடு ஹெலியில் வந்து இறங்கியது. வெளியே வரமுடியாத கோபத்தை அவர்கள் ஷெல்லாக ஊருக்குள் அனுப்பினார்கள். ஊர் முழுவதும் அதற்குப் பயந்தது. பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டில் மட்டும் ஒருவிதத் தைரியம் இருந்தது. அந்தத் தைரியத்தைத் தந்தவர் அப்பா.

பிரச்சினைகளுக்கு முன்பு அப்பா அந்தக் கோட்டைக்குள் சுவர் பூசும் வேலைக்குப் போனவர். ஆகவே பூம்ப்ளிஸில் கோட்டையைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆளில்லை. சித்தப்பா ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். மத்தியானம் வரும்போது அவருடைய ஜாக்கெட்டில் வெங்காயமும் சீஸும் மணக்கும். கடையில் மிஞ்சிய ரொட்டி, எங்கள் பேச்சில் பாண், கையில் இருக்கும். ஒருநாள் அப்பா அந்தப் பாணைக் கத்தியால் ஐந்து மூலையாக வெட்டி, மேசையில் வைத்து, சுற்றிவரச் சோற்றுப் பருக்கைகளை வீடுகளாக அடுக்கினார்.

"இஞ்ச பார். மதில் எவ்வளவு உயரம் எண்டு உனக்குத் தெரியாது. மேல நிண்டு அடிக்கிறவனுக்குக் காலடி தெரியாது. ஷெல் எழும்பி, எங்கட வீட்டுக்கு மேலால போய், தூரத்திலதான் விழும். கிட்ட இருக்கிறவனுக்கு ஒண்டும் இல்லை."

"அப்ப அண்ணை, கோட்டைக்குள்ளயே போய் இருந்தா இன்னும் பயமில்லை என்ன?" என்றார் சித்தப்பா.

"பகிடி விடாதை. நான் அந்த மதிலைத் தடவிப் பாத்தவன்."

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கொட்டடியில் வேறு சிலரும் அப்படித்தான் நம்பினார்கள். தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போன ஷெல் தூரத்தில் போய் வெடிப்பதைக் கேட்டுக் கேட்டு, அந்த நம்பிக்கை அவர்களுக்கு வந்திருக்கவேண்டும். கோட்டையில் இருந்து நாலு மைல் தள்ளி, கோண்டாவிலில் பெரியம்மா வீடு இருந்தது. அம்மாவை அங்கே போகவேண்டாம், எங்கள் வீட்டிலேயே இரு என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா அந்தப் பாணை எடுத்துப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டார். கோட்டை முடிந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பாவும் நானும் ஊருக்கு டெலிபோன் எடுக்கத் தபாற்கந்தோருக்குப் போவோம். தரையில் மெழுகு மணக்கும். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நான் நம்பரைச் சொல்வேன். அவள் இணைப்பு எடுத்துவிட்டு எந்த டெலிபோன் பெட்டிக்குள் போகவேண்டும் என்று கையால் காட்டுவாள். மண்ணிறக் கதவு போட்ட சின்னப் பெட்டி. உள்ளே யாரோ முந்திப் புகைத்த சிகரெட்டின் மணம் இருக்கும். ரிசீவரை அப்பா தன் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடிப்பார். அவருடைய தாடி என் கன்னத்தில் குத்தும்.

அழைப்பு போவது எங்கள் வீட்டுக்கு அல்ல. வீட்டில் ஏது டெலிபோன்? தெருமுனையில் இருந்த பலசரக்குக் கடைக்கு. கடைக்காரர் எடுத்து, "கொஞ்சம் பொறுத்து எடுங்கோ, ஆளை விட்டுக் கூப்பிடுறன்" என்பார். நாங்கள் பெட்டியை விட்டு வெளியே வந்து பெஞ்சில் இருப்போம். இரண்டாம் முறை எடுத்தால் அம்மா மூச்சு வாங்க நிற்பாள். அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு ஓடி வந்ததாகச் சொல்வாள். பிறகு ஒரு காலத்தில் முதல் முறையிலேயே அம்மா எடுக்கத் தொடங்கினாள். எங்களுக்கு முன்னமே வந்து நின்றாள்.

"கொம்மாவுக்கு இப்ப என்னில பாசம் கூடிப்போச்சு" என்று அப்பா வீதியில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வகுப்பு ஒரு நாடகம் போட முடிவு செய்தது. எங்கள் ஆசிரியையை வீட்டில் எல்லோரும் லேரரின் என்றுதான் சொல்வார்கள், ஆசிரியை என்பதற்கு இங்குள்ள சொல். உயரமானவர், நல்ல மனுஷி. எனக்குக் காது மூடும் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி ஒன்றைத் தானே பின்னித் தந்தவர். அந்தத் தொப்பி எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று இன்றும் தெரியவில்லை. அவர் எங்கோ ஒரு பழைய கதையைத் தேடிப் பிடித்திருந்தார். முன்னொரு காலத்தில் சுவிஸ் கிராமங்களில் இருந்து பெடியன்கள் கூலிக்குப் படைவீரர்களாகப் போனார்களாம். அவர்களில் சிலரை ஒல்லாந்தர் கப்பலில் ஏற்றி, கிழக்கே ஒரு தீவில், கடலோரக் கோட்டை நகரம் ஒன்றைக் காவல் காக்க விட்டார்களாம். இங்கிலீஷ்காரர் வந்து அந்தக் கோட்டையை முற்றுகையிட்டார்களாம்.

"அந்தத் தீவு எது, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பு முழுவதும் என் பக்கம் திரும்பியது. என் காது சூடானது. இது எனக்குத் தரும் மரியாதை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் எனக்குத் தளபதி வேடம் தந்தார். கோட்டையைக் கடைசிவரை காப்பாற்றும் தளபதி. அதிகமான வசனம் அந்த வேடத்துக்குத்தான். வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு, அந்த மொழியிலேயே பிறந்தவர்களைத் தாண்டி, அது கிடைத்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாடகத்தில் கோட்டைக்குள் இருப்பவர்கள் பட்டினி கிடந்தார்கள். தோல் பெல்ட்டை அவித்துத் தின்றார்கள். ஒத்திகையின்போது ஒரு பெடியன் உண்மையாகவே பெல்ட்டைக் கடித்துப் பல் வலிக்க அழுதான். எனக்கு அந்த வீரர்களில் இரக்கம் வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் கேட்டேன்.

"சித்தப்பா, எங்கட கோட்டைக்குள்ள இருக்கிறவங்களுக்கும் பசிக்குமோ?"

சித்தப்பா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு விசரோ?"

"ஹெலி வராட்டி அவங்கள் என்ன சாப்பிடுவாங்கள்?"

"அண்ணை, உங்கட மோள் கேக்கிறதைக் கேட்டீங்களோ? கொம்மாவுக்கு மேல ஷெல் அடிக்கிறவனுக்கு இவ சோறு குடுக்கப் போறாவாம்."

"சின்னப்பிள்ளையைப் பேசாதேங்கோ" என்றாள் சித்தி. "பசி எண்டா ஆருக்கும் பசிதானே."

"ஓம், நீயும் ஒரு பார்சல் கட்டு."

நாடகத்தில் நான் யார் என்பதை அன்று அப்பா சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தளபதி என்றால் பெரிய வேடம், பிள்ளைக்குப் பெரிய வேடம் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சித்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் முழுவதும் ஆவி படிந்திருந்தது. வசனத்தைச் சொல்லிக் காட்டு என்றார் அப்பா. நான் கதிரையில் ஏறி நின்று, பலகையில் செய்து வெள்ளி வர்ணம் பூசிய வாளை நீட்டி, என் மிகப் பெரிய வசனத்தைக் கத்தினேன்.

"ப்ரென்ட் டீ ஹொய்ஸர் ஃபோர் டேர் மௌவர் நீடர்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா விசில் அடித்தார். "பாருங்கோ, வெள்ளைக்காரி மாதிரியெல்லே கதைக்கிறாள்!"

"தமிழில என்ன பிள்ளை அது?" என்று அப்பா கேட்டார். அவர் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது.

"சுவருக்கு முன்னால இருக்கிற வீடுகளை எரியுங்கோ."

சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள் எதுவும் இல்லை. "ஏனாம்?"

லேரரின் வகுப்பில் கரும்பலகையில் கீறி விளங்கப்படுத்தியதை நான் அப்படியே சொன்னேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் எனக்கு எப்போதும் சந்தோஷம். "முற்றுகை எண்டால் கோட்டையில இருக்கிறவங்கள் முதல்ல கிட்ட உள்ள வீடுகளைத்தான் அழிப்பாங்கள். எதிரி அதுகளுக்குப் பின்னால ஒளிச்சு வருவான். அதால மதிலைச் சுத்தி வெறும் வெளியாக்கிப்போடுவாங்கள். மரம்கூட விடமாட்டாங்கள். எல்லாக் கோட்டையிலும் இப்பிடித்தானாம்."

"ஆர் சொன்னது?"

"லேரரின்."

"அவ கோட்டையைக் கண்டவவோ?"

நான் வாளை இறக்கினேன். சித்தி சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டாள். சித்தப்பா ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அப்பா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு பாணை வெட்டிச் சோற்றுப் பருக்கை அடுக்கிய கை. அவர் பத்துத் தரம், இருபது தரம் விளக்கிய அந்தக் கோட்டையில், உள்ளே இருப்பவன் என்ன நினைப்பான் என்ற கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. ஷெல் எப்படிப் பறக்கும் என்று பார்த்தாரே தவிர, அதை அடிப்பவன் எதைப் பார்த்துப் பயப்படுவான் என்று பார்க்கவில்லை. மேசன் மதிலைத்தான் பார்ப்பான்.

"இந்தச் சனி எடுத்து, உடன வெளிக்கிடச் சொல்லவேணும்" என்றார் கடைசியில்.

அந்தச் சனிக்கிழமை முதல் அழைப்பிலேயே அம்மா எடுத்தாள். அப்பா சுகம்கூட விசாரிக்கவில்லை.

"இஞ்சேர், இண்டைக்கே வெளிக்கிட்டுக் கோண்டாவிலுக்குக் கொக்கா வீட்டை போ. சாமான் சக்கட்டை ஒண்டும் பாக்காதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ."

மறுபக்கத்தில் இரைச்சல் மட்டும் கேட்டது. கடல் போல ஒரு இரைச்சல். பிறகு அம்மா சொன்னாள், "நான் அங்கதான் இருக்கிறன்."

"எங்க?"

"அக்கா வீட்டை. மாரிக்கு முன்னமே போயிட்டன்."

"நான் போகவேண்டாம் எண்டெல்லே சொன்னனான்?"

"சொன்னீங்கள்தான்."

"அப்ப வீடு?"

"வீடு இல்லை. முன் வரிசை ஒண்டும் இல்லை. எங்கட கிணத்துக்கட்டு மட்டும் நிக்குது." தேங்காய் விலை சொல்வது போலத்தான் சொன்னாள். "நீங்கள் அங்க தனிய நிண்டு யோசிப்பீங்கள் எண்டு சொல்லேல்லை."

அப்பாவின் மூச்சு என் நெற்றியில் பட்டது. "வீடு இல்லையெண்டா, நீ இப்ப இந்தக் கடையில என்னெண்டு நிக்கிறாய்?"

"நடந்து வாறனான். சனிக்கிழமையில வருவன். உங்களுக்கு இந்த நம்பர்தானே தெரியும். கோண்டாவிலில டெலிபோன் எங்க கிடக்கு?"

"கோண்டாவிலில இருந்து... பிள்ளையோடயோ?"

"அவனும் உங்கட குரலைக் கேக்கவேணுமெல்லே."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. கவுண்டர் பெண் திரும்பத் திரும்ப முயற்சி செய்தாள். கொழும்புக்கு அப்பால் எதுவும் போகவில்லை. அடுத்த சனி வராதே என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

உங்களுக்கு விளங்கும். ஊரில் எல்லோரும் கோட்டையை விட்டுத் தூர ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா கிழமைக்கு ஒருமுறை இடுப்பில் பிள்ளையோடு அதை நோக்கி நடந்து வந்திருக்கிறாள். வரச் செய்தது எங்கள் டெலிபோன். நாங்கள் பெஞ்சில் இருந்து, அம்மாவுக்குப் பாசம் கூடிவிட்டது என்று சிரித்தோம்.

அந்தக் கிழமை வீட்டில் ஒரே வாக்குவாதம்.

"எடுக்காதேங்கோ அண்ணை. எடுக்காட்டி மச்சாள் வரமாட்டா" என்றார் சித்தப்பா.

"எடுக்காட்டி இன்னும் கனநேரம் பாத்துக்கொண்டு நிப்பா" என்றாள் சித்தி. "நீங்கள் ஆம்பிளையள் காத்து நிண்டு பழக்கமில்லாத ஆக்கள், உங்களுக்கு விளங்காது. அத்தான், வழமையா எடுக்கிற நேரத்துக்கு முந்தி எடுங்கோ. கடைக்காரரிட்டச் சொல்லுங்கோ, அக்கா வந்த உடன திருப்பி அனுப்பச் சொல்லி."

அப்பா அதற்கு ஓம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நாடகம் வெள்ளிக்கிழமை. நான் அந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அழுதுதான் சொன்னேன்.

"சொல்லு" என்றார். "நீ சொல்லாட்டி வேற பிள்ளை சொல்லும். பள்ளிக்கூடத்தில தந்த வேலையைச் செய்."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஈரக் கோட்டுகளின் மணம். மேடையில் அட்டைப்பெட்டிகளால் செய்த மதில், அதற்கு முன்னால் சின்னச் சின்ன வீடுகள். அப்பா வேலையில் இருந்து நேராக வந்து பின்சுவரோடு நின்றார். நான் வாளை நீட்டினேன். ஒரு சொல்லும் பிசகாமல், ஒரு எழுத்தும் விழுங்காமல் சொன்னேன். பெல்ட்டைக் கடித்த பெடியன் சிவப்புக் கடதாசிகளை வீடுகள்மேல் எறிந்தான். யாரோ பெரிய மேளத்தை அடித்தார்கள். அப்பா நின்ற இடத்தில் தலையைக் குனிந்தார், யாரோ மேலிருந்து எதையோ எறிந்ததுபோல. பிறகு நிமிர்ந்தார். மண்டபம் கைதட்டியது. அப்படியொரு கைதட்டலை நான் பிறகு பட்டம் வாங்கியபோதுகூடக் கேட்கவில்லை.

முடிந்ததும் லேரரின் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. "உங்கள் தீவு! உங்கள் மகள்!" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு அந்த மொழியில் தெரிந்த சொற்கள் மிகக் கொஞ்சம். அதில் ஒன்றை எடுத்து, "கூட், கூட்" என்றார். நல்லது, நல்லது. அவர் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. லேரரின்தான் விட்டார்.

அடுத்த நாள் தபாற்கந்தோர் கதவு திறக்க முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். பனி சேறாகக் கிடந்தது. முதல் ஆளாகக் கவுண்டருக்குப் போய் நம்பரைச் சொன்னேன். நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு அந்தப் பெண் பெட்டியைக் காட்டினாள். மணி போய்க்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் சொல்லவேண்டியதை அப்பா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ" என்றாள் அம்மா.

அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். வழமையான நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ? கடைக்கார அண்ணையும் வெளிக்கிட்டிட்டார். சாமானெல்லாம் ஏத்திக்கொண்டு போயிட்டார். திறப்பை என்னட்டத் தந்தவர். இனி நானே திறந்து நானே எடுக்கலாம். கால்மேல கால் போட்டுக்கொண்டு முதலாளியம்மா மாதிரி இருக்கிறன்." சிரித்தாள். "தெருவில ஒரு நாய்கூட இல்லை, சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லை. இந்தா, இவன் கதைக்கப்போறானாம்."

ரிசீவரில் மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. பிறகு, "அப்பா" என்றான் தம்பி. யாரோ சொல்லிக்கொடுத்துப் பழக்கிய, சுத்தமான "அப்பா".

நான் "அம்மா" என்று கத்த வாயெடுத்தேன். அப்பாவின் விரல் டெலிபோனின் கொக்கியை அழுத்தியது.

லைன் போய்விட்டது. அவராக வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்தார். நான் அவருடைய கையை அடித்தேன், ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. கவுண்டர் பெண் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, அறுந்துவிட்டதா, திரும்ப எடுக்கட்டுமா என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியிருந்தது. தலையை ஆட்டினார். வேண்டாம்.

வீதிக்கு வந்து, பேருந்துத் தரிப்பிடத்தைத் தாண்டி நடந்தோம்.

"ஒரு சொல்லுக் கதைச்சாலும் அடுத்த கிழமையும் வருவாள்" என்றார் பிறகு. "வராதை எண்டு சொன்னாலும் வருவாள். உனக்குக் கொம்மாவைத் தெரியாது. நான் வேணுமெண்டு வைச்சிட்டன் எண்டு கோவிச்சுக்கொண்டு போகட்டும். கோவத்தில போனாள் எண்டா திரும்பிப் பாக்கமாட்டாள்."

அதன்பிறகு நாங்கள் அந்த நம்பரை எடுக்கவில்லை. அடுத்த சனி, அதற்கடுத்த சனி, அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கோண்டாவில் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர், அம்மாவும் தம்பியும் உயிரோடு இருப்பதாகச் சொன்னபோது செர்ரி மரங்கள் பூத்து உதிர்ந்துவிட்டிருந்தன. அவர்கள் இங்கே வந்து சேர இன்னும் இரண்டு வருடங்கள் ஆயின. அம்மா விமான நிலையத்தில் அப்பாவைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தம்பிக்கு இடது காது கேட்காது. வந்து கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார்கள். எப்போது நடந்தது என்று கேட்டால், சண்டைக்குள்ளே என்று மட்டும் அம்மா சொல்வாள். நாங்கள் அவனுடைய வலப்பக்கத்தில் இருந்து பேசப் பழகிக்கொண்டோம்.

அவனுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, ஒரு மத்தியானம், எல்லோரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டெலிபோன் மணி அடித்தது. யாரோ எடுக்கப் போவதற்குள் நின்றுவிட்டது. "திரும்ப எடுப்பாங்கள்" என்றான் தம்பி.

"ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றாள் அம்மா, கரண்டியில் குழம்பை அள்ளிக்கொண்டே. "அண்டைக்கு இவன் அப்பா எண்டு சொல்லேக்க லைன் அறுந்துபோச்சே. திரும்ப எடுப்பீங்கள் எண்டு இருட்டும்வரைக்கும் அந்தக் கடையில இருந்தன். இவர் ஒருநாளும் அப்பிடிப் பாதியில விடுற மனுசன் இல்லைதானே. அக்கா சொன்ன நேரத்துக்கு நான் வெளிக்கிட்டிருந்தா ஒண்டும் இல்லை. பின்னேரம்தான் அடிக்கத் தொடங்கினவங்கள். முன் வீட்டில விழுந்தது. இவன் கதவடியில நிண்டவன். அண்டைக்குத்தான் இவன்ர காது போனது."

அவள் குழம்பை என் தட்டில் ஊற்றினாள். கோபித்துக்கொண்டு போயிருப்பாள் என்று இவ்வளவு வருடமும் நாங்கள் நம்பிய அம்மா, ஒரு நிமிடம்கூடக் கோபிக்கவில்லை. அந்தக் கொக்கியை அழுத்திய விரலைப் பற்றி அந்த அறையில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அப்பாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. அவர் அன்று தம்பியின் இடப்பக்கத்தில் இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு அவனுடைய தோளுக்குக் கிட்டக் குனிந்து, உதடு அசைவது தெரியாத அளவுக்கு மெதுவாக, எதையோ சொன்னார். சின்ன வசனம் அல்ல. கொஞ்சம் நேரம் எடுத்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மூச்சுப் பட்டதோ என்னவோ, நல்ல காதைத் திருப்பினான்.

"என்னப்பா?"

"சோறு போதுமோ எண்டு கேட்டன்" என்றார் அப்பா.